‘செய்யலாம்’, ‘செய்தல் வேண்டும்’: சி. சுப்பிரமணியமும் இரண்டு ஆட்சிமொழிச் சட்டங்களும்

மைசூரிலிருந்து நஞ்சன்கூடு வழியாகத் தெற்கு நோக்கிச் செல்லும் நெடுஞ்சாலை குண்டலுபேட்டையில் இரண்டாகப் பிரிகிறது. ஒரு கிளை பந்திப்பூர், முதுமலைக் காடுகளைக் கடந்து கூடலூர் வழியாக உதகமண்டலத்திற்கு ஏறுகிறது. மற்றொன்று முத்தங்கா வழியாகச் சுல்தான் பத்தேரிக்குச் சென்று கோழிக்கோட்டுக்கு இறங்குகிறது. இன்று முதற்கிளையில் செல்வோர் தமிழ்நாட்டிலும், இரண்டாம் கிளையில் செல்வோர் கேரளத்திலும் நுழைகின்றனர். 1956 அக்டோபர் 31 வரை நிலைமை வேறு. எக்கிளையில் சென்றாலும் நுழையும் இடம் சென்னை மாநிலமே. நீலகிரி அம்மாநிலத்தின் ஒரு மாவட்டம். வயநாடு அம்மாநிலத்து மலபார் மாவட்டத்தின் ஒரு பகுதி. குண்டலுபேட்டைக்கு வடகிழக்கே, சாமராசநகருக்கு அப்பால் உள்ள கொள்ளேகாலமும் அன்று சென்னை மாநிலத்தில், கோயம்புத்தூர் மாவட்டத்தின் வட்டமாக இருந்தது. கன்னடம் பேசுவோர் மிகுந்திருந்த அவ்வட்டம் 1956 நவம்பர் 1ஆம் நாள் மைசூர் மாநிலத்தோடு இணைக்கப்பட்டது. 1997இல் சாமராசநகர் தனி மாவட்டமானபோது, ஒரு காலத்தில் இரு மாநிலங்களில் இருந்த குண்டலுபேட்டையும் கொள்ளேகாலமும் ஒரே மாவட்டத்தின் வட்டங்களாயின.

எல்லைக் கற்கள் இடம் மாறியமை பலரும் எழுதிய செய்தி. அக்கற்கள் நடப்பட்ட சில வாரங்களுக்குள் சென்னைச் சட்டமன்றத்தில் ஓர் ஆட்சிமொழிச் சட்டம் கொண்டுவரப்பட்டதும், அதைக் கொண்டுவந்தவர் கொள்ளேகாலத்தை இழந்த அதே கோயம்புத்தூர் மாவட்டத்தின் வழக்குரைஞர் என்பதும், அவரே ஏழு ஆண்டுகளுக்குப் பின் நடுவணரசின் ஆட்சிமொழிச் சட்டம் நிறைவேறியபோது தில்லியில் அமைச்சராக இருந்ததும் ஒருங்கே வைத்து நோக்கப்படுவதில்லை. சி. சுப்பிரமணியத்தைப் பசுமைப் புரட்சியோடு சேர்த்து நினைப்பதே வழக்கமாகிவிட்டது. அவருடைய பொதுவாழ்வை மொழிச் சட்டங்களின் வழியே பார்ப்பது இக்கட்டுரையின் நோக்கம். அவ்வாறு பார்க்கையில் அவ்வாழ்வின் இரு பெரும் கட்டங்களும் ஓர் ஆங்கிலத் துணைவினையைச் சுற்றி அமைந்திருப்பதைக் காணலாம். மொழியியலாரும் மொழிபெயர்ப்பாளரும் அறிந்திருக்க வேண்டிய வரலாறு இது.

வழக்குமன்றத்திலிருந்து சட்டமன்றத்திற்கு

சுப்பிரமணியம் 1910 சனவரி 30ஆம் நாள் பொள்ளாச்சியை அடுத்த செங்குட்டைப்பாளையத்தில் ஓர் உழவர் குடும்பத்தில் பிறந்தவர். சென்னை மாநிலக் கல்லூரியில் அறிவியல் பயின்று, 1932இல் சட்டப் பட்டம் பெற்றார். சட்ட மறுப்பு இயக்கத்தில் சிறை சென்றார். 1936இல் கோயம்புத்தூரில் வழக்குரைஞர் தொழிலைத் தொடங்கினார். 1942 ஆகஸ்டுப் போராட்டத்தில் மீண்டும் சிறைவாசம். மாவட்டக் காங்கிரசின் தலைமைப் பொறுப்பு, 1946இல் அரசியலமைப்பு அவை உறுப்பினர் பதவி, அதன் தொடர்ச்சியாக 1952 வரை தற்காலிக நாடாளுமன்ற உறுப்பினர் பதவி என அவர் படிப்படியாக உயர்ந்தார். 1952இல் சென்னைச் சட்டமன்றத்திற்கு வந்து, அடுத்த பத்தாண்டுகள் அமைச்சராகவும் அவை முன்னவராகவும் பணியாற்றினார்.

வழக்குரைஞர்கள் சட்டமன்றங்களை நிரப்பியிருந்த காலம் அது. கொங்கு வட்டாரத்தை மட்டும் எடுத்துக்கொண்டாலும் தி.சு. அவினாசிலிங்கம், பி. சுப்பராயன் ஆகிய இருவரும் சட்டம் பயின்று, மாநில அவையிலும் நடுவணவையிலும் இடம்பெற்றவர்கள். முன்னவர் கல்வியமைச்சராக இருந்தபோது 1946இல் தோன்றிய தமிழ் வளர்ச்சிக் கழகமே கலைக்களஞ்சியத்தின் பத்துத் தொகுதிகளை வெளியிட்டது. பின்னவரைப் பற்றிக் கீழே பேச நேரும். ஆர். வெங்கட்ராமன் எதிர்த்திசையில் பயணம் செய்தவர்: தொழிலாளர் சட்ட வழக்குரைஞர், முதலில் மக்களவை, 1957 முதல் மாநில அமைச்சர், பின்னர் மீண்டும் தில்லி. இவர்கள் அனைவரிடமும் பொதுவாகக் காணப்படுவது சொல்லின் மீதான ஐயம் எனலாம். ஒரு சொல்லை எதிர்த்தரப்பு எப்படி வாசிக்கும் என்று கேட்டுக்கொண்ட பிறகே அதை ஏட்டில் வைப்பது அத்தொழில் கற்றுத்தரும் பழக்கம். சுப்பிரமணியத்திடம் இப்பழக்கம் இருந்தது. ஆனால் அது எல்லா வேளைகளிலும் அவருக்குத் துணை நிற்கவில்லை.

1952இல் அவர் நுழைந்த சட்டமன்றம் இன்றைய தமிழ்நாட்டுச் சட்டமன்றத்தைப் போன்றதன்று. அதில் 375 உறுப்பினர்கள் இருந்தனர். தமிழ், தெலுங்கு, மலையாளம், கன்னடம் ஆகிய நான்கு மொழி பேசுவோரும் அங்கே அமர்ந்திருந்தனர். அவர்களுக்குப் பொதுவாக இருந்தது ஆங்கிலமே. 1953 அக்டோபர் 1ஆம் நாள் ஆந்திரம் பிரிந்தது. 1956 நவம்பரில் மலபார் கேரளத்திற்கும், தென் கன்னடமும் கொள்ளேகாலமும் மைசூருக்கும் சென்றன; கன்னியாகுமரி மாவட்டமும் செங்கோட்டையும் வந்து சேர்ந்தன. 1957 தேர்தலில் அவையின் உறுப்பினர் எண்ணிக்கை 205. ஐந்தாண்டுகளுக்குள் ஓர் அவை நான்கு மொழிகளின் அவையாக இருந்த நிலையிலிருந்து பெரும்பான்மையும் ஒருமொழி அவையாகிய நிலைக்கு வந்தது. அதன் பின்னரே ‘இம்மாநிலத்தின் ஆட்சிமொழி தமிழ்’ என்று சட்டம் இயற்றுவது எளிதாயிற்று.

இடைப்பட்ட ஆண்டுகள் அவருக்கு இனியவையாக இருக்கவில்லை. இராசாசியின் அமைச்சரவையில் நிதித்துறையைக் கவனித்த அவர், ஆந்திரப் பிரிவினைக்குப் பின் கல்வித்துறையையும் ஏற்றார். அப்போது எதிர்ப்பின் உச்சத்தில் இருந்த தொடக்கக் கல்வித் திட்டத்தை, மக்கள் குலக்கல்வித் திட்டம் என்றே பெயரிட்டழைத்த அதனை, அவையில் காத்து நிற்க வேண்டிய கடமை அவருடையதாயிற்று. இராசாசி விலகியதும் 1954 மார்ச்சு இறுதியில் காங்கிரசுக் கட்சித் தலைமைக்கு அவர் காமராசரை எதிர்த்துப் போட்டியிட்டார். 93க்கு 41 என்ற கணக்கில் தோற்றார். தம்மை எதிர்த்தவரையே காமராசர் அமைச்சரவையில் வைத்துக்கொண்டார். அதே ஆண்டு மே மாதத்தில் அத்திட்டம் கைவிடப்பட்டபோதும் கல்வியமைச்சர் சுப்பிரமணியமே. நேற்று வாதிட்ட வழக்குக்கு எதிராக இன்று தீர்ப்பு வந்தால் அதை ஏற்று அடுத்த வழக்குக்குச் செல்லும் தொழில்முறை மனநிலை என்று இதனை விளக்கலாம். எதிர்க்கட்சியினர் அவ்வளவு பெருந்தன்மையோடு விளக்கவில்லை.

1956ஆம் ஆண்டின் 39ஆம் சட்டம்

மாநிலச் சீரமைப்பு நடைமுறைக்கு வந்த இரண்டாம் மாத இறுதியில், 1956 டிசம்பரில், சென்னை ஆட்சிமொழிச் சட்ட முன்வரைவைச் சுப்பிரமணியம் சட்டமன்றத்தில் கொண்டுவந்தார். அரசியலமைப்பின் 345ஆம் உறுப்பு மாநிலச் சட்டமன்றத்திற்கு வழங்கிய ஆற்றலின்படி அமைந்த சட்டம் அது. மைசூர் மாநிலம் இத்தகைய சட்டத்தை 1963இல்தான் இயற்றியது.

சட்டத்தின் கட்டமைப்பு மூன்று படிகளைக் கொண்டது. முதலாவதாக, மாநிலத்தின் ஆட்சிமொழி தமிழ் என்னும் அறிவிப்பு. இரண்டாவதாக, அதுவரை ஆங்கிலம் எவ்வலுவல்களுக்குப் பயன்பட்டு வந்ததோ அவற்றுக்கு அது தொடரும் என்னும் விதி. மூன்றாவதாக, இன்னின்ன அலுவல்களுக்குத் தமிழ் பயன்படுதல் வேண்டும் என்று மாநில அரசு அவ்வப்போது அறிவிக்கை வாயிலாகப் பணிக்கலாம் என்னும் ஆற்றல் வழங்கல். முதல் இரண்டும் திட்டமான கூற்றுகள். மூன்றாவது ‘லாம்’. தமிழ் ஆட்சிமொழி ஆவது இச்சட்டத்தால் உறுதியாயிற்று. எவ்வளவு விரைவில் ஆவது என்பது அரசின் விருப்பத்திற்கு விடப்பட்டது. அமைச்சர் பொறுப்பில் இருப்பவர் இவ்வாறு வரைவது இயல்பே. அலுவலகங்களில் தமிழில் எழுதத் தெரிந்த எழுத்தர், தமிழ்த் தட்டச்சுப் பொறி, படிவம், கலைச்சொல் எதுவும் போதிய அளவில் இல்லாத ஆண்டு அது. ஆனால் அந்த ‘லாம்’ எத்தனை ஆண்டுகளை விழுங்கும் என்று அன்று அவையில் இருந்த எவரும் கணித்திருக்க முடியாது. ஆட்சித் தமிழுக்கான அறிவிக்கைகளும் ஆணைகளும் பல பத்தாண்டுகள் வந்துகொண்டேயிருந்தன.

மொழிபெயர்ப்பாளர் கவனிக்க வேண்டிய இன்னொரு கூறும் இங்கு உண்டு. அரசியலமைப்பின் 348ஆம் உறுப்பின்படி, மாநிலச் சட்டமன்றம் தன் சட்டங்களுக்கு ஆங்கிலமல்லாத மொழியை வகுத்துக்கொள்ளலாம். அப்படிச் செய்தாலும், ஆளுநரின் அதிகாரத்தின்கீழ் அரசிதழில் வெளியிடப்படும் ஆங்கில மொழிபெயர்ப்பே அதிகாரம் பெற்ற ஆங்கிலப் பாடமாகக் கொள்ளப்படும். இலக்கிய உலகில் மூலமே தலைமை. மொழிபெயர்ப்பு அதன் நிழல். சட்ட உலகில் மூலம் தமிழில் இயற்றப்பட்டாலும், உயர் நீதிமன்றத்தில் வாதத்திற்கு எடுத்துக்கொள்ளப்படுவது மொழிபெயர்ப்பாக இருக்கக்கூடும். மொழிபெயர்ப்பாளருக்கு இதைவிடப் பெரிய பொறுப்பை வேறெந்தத் துறையும் தந்ததாகத் தெரியவில்லை. அப்பொறுப்புக்கு ஏற்ற ஊதியத்தையோ பதவியையோ எந்த அரசும் தரவில்லை என்பது வேறு செய்தி.

சட்டத்தைத் தொடர்ந்து சொற்கள் வேண்டியிருந்தன. 1957இல் ஆட்சிச் சொல்லகராதியின் முதற்பதிப்பு வெளிவந்தது. கீ. இராமலிங்கனார் போன்றோர் அலுவலக நடைமுறையை உள்ளிருந்து அறிந்தவர்களாதலால், அவர்கள் ஆக்கிய சொற்கள் மேசைக்கு மேசை நகர்ந்து நிலைபெற்றன. உயர்கல்வியிலும் ஒரு முயற்சி நடந்தது. 1960இல் கோயம்புத்தூர் அரசு கலைக் கல்லூரியில் இளங்கலை வகுப்பில் தமிழ் பயிற்றுமொழியாகச் சோதனை முறையில் புகுத்தப்பட்டது. கல்வியமைச்சர் தம் சொந்த ஊர்க் கல்லூரியையே களமாகக் கொண்டார். பாடநூல்கள் எழுதவும் பெயர்க்கவும் ஆசிரியர்கள் திரட்டப்பட்டனர். இம்முயற்சி பெருகிப் பரவாததற்குக் காரணம் கலைச்சொற் குறைவு என்று கூறுவோர் உளர். பட்டம் பெற்றவருக்கு வேலை தரும் தேர்வுகள் ஆங்கிலத்தில் நடந்தமையே முதன்மைக் காரணம் என்பது இக்கட்டுரையாளரின் கருத்து. அத்தேர்வுகளின் மொழி சென்னையில் முடிவாவதில்லை; தில்லியில் முடிவாவது.

தில்லியில் ஒரு துணைவினை

1962 பொதுத்தேர்தலில் சுப்பிரமணியம் பொள்ளாச்சித் தொகுதியிலிருந்து மக்களவைக்குச் சென்றார். நேருவின் அமைச்சரவையில் எஃகு, சுரங்கத் துறை அவருக்குக் கிடைத்தது. அவர் தில்லி சேர்ந்த வேளையில் மொழிச் சிக்கல் கனன்றுகொண்டிருந்தது. அரசியலமைப்பின் 343ஆம் உறுப்பு இந்தியை ஒன்றியத்தின் ஆட்சிமொழியாக்கி, பதினைந்து ஆண்டுகளுக்கு ஆங்கிலம் தொடரும் எனக் கூறியிருந்தது. அக்கெடு 1965 சனவரி 25 அன்று முடியும். அதற்குப் பின்னும் ஆங்கிலம் பயன்படுவதற்கு நாடாளுமன்றம் சட்டத்தின் வாயிலாக வகை செய்யலாம் என அதே உறுப்பு இடமளித்தது.

இதற்கு முன்னரே, 1955இல் பி.கி. கெர் தலைமையில் அமைந்த ஆட்சிமொழி ஆணையம் தன் அறிக்கையை 1956இல் அளித்திருந்தது. இருபத்தொருவர் கொண்ட அவ்வாணையத்தில் பெரும்பான்மையோரின் முடிபுகளிலிருந்து வேறுபட்டு மறுப்புரை எழுதியவர்கள் இருவர். ஒருவர் மொழியியலறிஞர் சுநீதி குமார் சட்டர்சி. மற்றவர் முன்னர்க் குறிப்பிட்ட பி. சுப்பராயன். ஒரு மொழியியலாரும் ஒரு சட்டம் பயின்ற அரசியலாரும் வெவ்வேறு வழிகளில் வந்து ஒரே இடத்தில் நின்றனர் என்பது நம் துறை வரலாற்றில் குறிக்கத்தக்கது. சட்டர்சி ஒரு காலத்தில் இந்தியைப் பரிந்துரைத்தவர் என்பதையும் சேர்த்து எண்ண வேண்டும்.

1959 ஆகஸ்டு 7ஆம் நாள் நேரு மக்களவையில் அளித்த உறுதிமொழி யாவரும் அறிந்தது: இந்தி பேசாத மக்கள் விரும்பும் வரை ஆங்கிலம் மாற்று மொழியாக இருக்கும், அதை முடிவு செய்யும் உரிமையும் அவர்களுடையதே. அவ்வுறுதிமொழியைச் சட்டமாக்குவதே 1963ஆம் ஆண்டு ஆட்சிமொழிச் சட்டத்தின் நோக்கம் எனக் கூறப்பட்டது. உள்துறை அமைச்சர் லால் பகதூர் சாஸ்திரி அதைக் கொண்டுவந்தார். அதன் மூன்றாம் பிரிவு, குறித்த நாள் தொட்டு ஆங்கிலம் இந்தியோடு கூட ஒன்றியத்தின் அலுவல்களுக்கும் நாடாளுமன்ற நடவடிக்கைகளுக்கும் தொடர்ந்து பயன்படுத்தப்படலாம் என்றது. ஆங்கில மூலத்தில் இருந்த துணைவினை ‘மே’. ‘ஷால்’ அன்று.

மாநிலங்களவையில் அப்போது உறுப்பினராக இருந்த சி.என். அண்ணாதுரை இச்சொல்லைப் பிடித்துக்கொண்டார். ‘பயன்படுத்தப்படலாம்’ என்றால் ‘பயன்படுத்தப்படாமலும் இருக்கலாம்’ என்பது அவருடைய வாசிப்பு. இவ்விடத்தில் இரு சொற்களுக்கும் ஒரே பொருள்தான் என்று நேரு தரப்பு விடையிறுத்தது. அப்படியானால் மற்றச் சொல்லையே இடுவதற்குத் தடை என்ன என்பது மறுவினா. அவ்வினாவுக்கு நேரான விடை கிடைக்கவில்லை.

இச்சொற்போரை வெறும் அரசியல் என ஒதுக்குவது மொழியியலாருக்கு அழகன்று. ஆங்கிலத்தின் இத்துணைவினை இசைவையும் சுட்டும், நிகழக்கூடுமையையும் சுட்டும். எதிர்மறையாக்கினால் குழப்பம் மிகும்: ‘செய்யக்கூடாது’, ‘செய்யாமலிருக்கலாம்’ ஆகிய இரு பொருளும் ஒரே வடிவிலிருந்து எழும். தமிழில் ‘செய்யலாம்’ என்பதும் உடன்பாட்டில் இவ்விரு பொருளையும் தாங்குகிறது. ‘செய்யல்’ என்னும் தொழிற்பெயரும் ‘ஆம்’ என்னும் முற்றும் சேர்ந்து பிறந்த வடிவம் அது. ஆனால் எதிர்மறையில் தமிழ் தெளிவாகப் பிரிந்துவிடுகிறது. இசைவை மறுப்பின் ‘செய்யலாகாது’, ‘செய்யக்கூடாது’. நிகழாமையின் வாய்ப்பைச் சுட்டின் ‘செய்யாமலிருக்கலாம்’. குண்டலுபேட்டைச் சந்திப்பில் கூடும் மற்ற இரு மொழிகளும் இவ்வாறே நடக்கின்றன. கன்னடத்தில் ‘மாடபஹுது’ என்பதன் எதிர்மறைகள் ‘மாடபாரது’, ‘மாடதிரபஹுது’ எனப் பிரிகின்றன. மலையாளத்தில் ‘செய்யாம்’ என்பதை மறுக்கும்போது ‘செய்யருது’ போன்ற வேறு வடிவம் வந்துவிடுகிறது. ஆகவே அண்ணாதுரையின் வாசிப்பு ஒரு தென்னிந்திய மொழியாளரின் காதுக்கு மிக இயல்பானது. அவர் ஆங்கிலச் சொல்லைத் தமிழ் எதிர்மறைகளின் ஒளியில் பார்த்தார். ஆங்கிலத்தில் மறைந்திருந்த பிளவு அவ்வொளியில் தெரிந்தது.

சட்டத் தரப்பிலோ வேறொரு மரபு உண்டு. ஆற்றல் வழங்கும் சொற்கள் தம்மளவில் ஆற்றலை மட்டுமே வழங்கும். எனினும் அவ்வாற்றல் யாருடைய நன்மைக்காக, எந்த நோக்கத்திற்காக வழங்கப்பட்டது என்பதைப் பொறுத்து அதனோடு கடமையும் இணையலாம் என்று இங்கிலாந்துப் பிரபுக்கள் அவை 1880இல் ஜூலியஸ் வழக்கில் விளக்கியது. அவ்வழக்கை இந்திய வழக்குரைஞர்கள் நன்கறிவர். இம்மரபின்படி ‘லாம்’ என்பது ‘வேண்டும்’ ஆவது இயல்பே. ஆனால் அது எப்போது ஆகும்? நீதிமன்றம் அவ்வாறு படிக்கும்போது ஆகும். படிக்காதபோது ஆகாது. நேரு தரப்பின் விடையில் இருந்த ஓட்டை இதுவே. இதனை அமைச்சரவையில் இருந்த கோயம்புத்தூர் வழக்குரைஞர் உணராதிருந்திருப்பார் என்று கருத இயலவில்லை. 1956இல் தாமே ஒரு ‘லாம்’ வைத்தவர் அவர். அங்கே அச்சொல் தமிழின் வருகையைக் காலத்திற்கு விட்டது. இங்கே அதே சொல் ஆங்கிலத்தின் இருப்பை ஆள்வோரின் எண்ணத்திற்கு விட்டது. எனினும் அமைச்சரவையின் கூட்டுப்பொறுப்பு அவரையும் கட்டியது. 1963 மே 10ஆம் நாள் சட்டம் ஒப்புதல் பெற்றது.

நேரு உயிரோடிருந்தவரை அவருடைய வாய்மொழி அச்சொல்லுக்கு உரையாக நின்றது. 1964 மே 27 அன்று அவர் மறைந்தார். உரை போயிற்று, சூத்திரம் தனித்து நின்றது.

1965 பிப்பிரவரி

அதற்கு முன்பே, 1964 சனவரி 25ஆம் நாள், கீழப்பழுவூர்ச் சின்னசாமி திருச்சிராப்பள்ளியில் தீக்குளித்து இறந்திருந்தார். 1965 சனவரி 26 நெருங்கியபோது மாணவர் போராட்டம் மாநிலம் முழுவதும் மூண்டது. மதுரையில் சனவரி 25ஆம் நாள் மோதல் வெடித்தது. தொடர்ந்த வாரங்களில் தீக்குளிப்புகளும் துப்பாக்கிச் சூடுகளும் நிகழ்ந்தன. உயிரிழந்தோரின் எண்ணிக்கையில் அரசின் கணக்கும் பிறர் கணக்கும் ஒத்துப்போவதில்லை. ஒரு துணைவினையின் பொருளைப் பற்றிய ஐயம் மக்கள் உயிரைக் கொள்ளும் அளவுக்குச் செல்லும் என்று 1963இல் நாடாளுமன்றத்தில் அமர்ந்திருந்தோர் எண்ணியிருக்க மாட்டார்கள்.

சுப்பிரமணியம் அப்போது சாஸ்திரியின் அமைச்சரவையில் உணவு, வேளாண்மைத் துறை அமைச்சர். நாடு உணவுப் பஞ்சத்தின் விளிம்பில் இருந்தது. 1965 பிப்பிரவரி 11ஆம் நாள் அவரும் ஓ.வி. அளகேசனும் பதவி விலகல் கடிதம் தந்தனர். ஆங்கிலத்தின் நிலைக்குச் சட்ட வழியான உறுதி வேண்டும் என்பது அவர்கள் கோரிக்கை. வாய்மொழி உறுதி போதும் என்று கருதிய பிரதமர் அவ்விலகல்களை ஏற்கும்படி குடியரசுத் தலைவருக்குப் பரிந்துரைத்தார் என்றும், இராதாகிருஷ்ணன் அதற்கு இசையாது மறுசிந்தனை வேண்டினார் என்றும் அக்கால நிகழ்வுகளை எழுதியோர் கூறுவர். அன்றிரவே சாஸ்திரி வானொலியில் பேசினார். நேருவின் உறுதிமொழியைக் காப்பதாக அறிவித்தார். விலகல்கள் நடைமுறைக்கு வரவில்லை.

இந்நிகழ்ச்சியை நாடகம் என்று தள்ளியவர்களும் உண்டு. தியாகம் என்று உயர்த்தியவர்களும் உண்டு. இரண்டும் மிகை. வழக்குரைஞர் ஒருவர் தம் கட்சிக்காரரின் ஆவணத்தில் இருந்த குறையைத் தாமதமாக எதிர்கொண்டார் என்று கொள்வதே பொருந்தும். இரண்டாண்டுகளுக்கு முன் அமைச்சரவைக் கூட்டத்தில் கேட்டிருக்க வேண்டிய ‘வேண்டும்’ என்னும் சொல்லை அவர் பதவியைப் பணயம் வைத்துக் கேட்டார். கேட்டதற்குரிய விலையும் சிறிதன்று. வேளாண்மைத் துறையில் அவர் தொடங்கியிருந்த பணி அவ்வேளையில் தடைப்பட்டிருந்தால், 1966இல் மெக்சிகோவிலிருந்து பதினெட்டாயிரம் டன் கோதுமை விதை வந்திறங்கியிருக்குமா என்பது ஐயமே. அவ்விதையின் கதையைப் பிறர் விரிவாக எழுதியுள்ளனர்.

1967 தேர்தலில் கோபிச்செட்டிப்பாளையத்தில் அவர் தோற்றார். விலகல் கடிதம் வாக்காளர் நினைவில் நிற்கவில்லை. மாநில ஆட்சி திராவிட முன்னேற்றக் கழகத்திடம் சென்றது. ‘லாம்’ என்பதை எதிர்த்த அண்ணாதுரை முதலமைச்சரானார். அவ்வாண்டு டிசம்பரில் நாடாளுமன்றத்தின் இரு அவைகளும் ஆட்சிமொழித் திருத்தச் சட்டத்தை நிறைவேற்றின. தாம் பதவியைத் துறக்கத் துணிந்து கேட்ட உறுதி சட்டமான நாளில் சுப்பிரமணியம் எந்த அவையிலும் உறுப்பினராக இல்லை.

அவர் 1971இல் கிருஷ்ணகிரித் தொகுதி வழியாக மக்களவைக்குத் திரும்பினார். 1977இல் பழனியிலிருந்து மீண்டும் தேர்ந்தெடுக்கப்பட்டார். திட்டம், தொழில் வளர்ச்சி ஆகிய துறைகளும், 1974 முதல் 1977 வரை நிதித்துறையும், சரண்சிங் ஆட்சியில் பாதுகாப்புத் துறையும் அவரிடம் இருந்தன. 1990 முதல் 1993 வரை மகாராட்டிர ஆளுநர். 1998இல் பாரத ரத்னா. 2000 நவம்பர் 7ஆம் நாள் மறைவு. நெருக்கடி நிலைக் காலத்தில் நிதியமைச்சராகத் தொடர்ந்தமை அவர் வாழ்வில் எளிதில் கடந்துவிடக் கூடிய பக்கமன்று. அது தனிக் கட்டுரைக்குரியது.

திருத்தத்திற்குப் பின்

திருத்தச் சட்டத்தோடு சேர்த்து நாடாளுமன்றம் ஒரு தீர்மானத்தையும் ஏற்றது. அது 1968 சனவரி 18ஆம் நாள் வெளியிடப்பட்டது. இந்தியைப் பரப்புவதோடு, எட்டாம் அட்டவணையில் உள்ள பிற மொழிகளையும் மாநிலங்களுடன் ஒத்துழைத்து வளர்க்கும் திட்டம் வேண்டும் என்று அத்தீர்மானம் கூறிற்று. ஐந்து நாள் கழித்து, சனவரி 23இல், சென்னைச் சட்டமன்றம் இருமொழிக் கொள்கைத் தீர்மானத்தை நிறைவேற்றியது. 1969 சூலை 17இல் மைசூரில் இந்திய மொழிகளின் நடுவண் நிறுவனம் தோன்றியது. தென்னக மொழிகளின் கூடலிடத்திற்கு அருகில், குண்டலுபேட்டைச் சாலை புறப்படும் நகரில், இந்நிறுவனம் அமைந்ததற்குப் பின்னணியில் அவ்வாண்டுகளின் கொந்தளிப்பு இருந்தது என்பதை மறக்கலாகாது. எல்லைக்கு அப்பால் விடப்பட்ட தமிழரும் கன்னடரும் மலையாளிகளும் தொடக்கக் கல்வியைத் தாய்மொழியில் பெறுவதற்கு 1956இல் அரசியலமைப்பில் சேர்க்கப்பட்ட 350-அ உறுப்பு வழி காட்டுகிறது. அதைப் பாடநூலாகவும் ஆசிரியர் பயிற்சியாகவும் மாற்றும் பணி மொழியியலாருடையது.

இனி 1967 திருத்தத்தின் சொற்களைக் கவனிப்போம். மூன்றாம் பிரிவின் முதல் உட்பிரிவில் ‘மே’ நீக்கப்பட்டது என்று பலர் எண்ணுகின்றனர். அது நீக்கப்படவில்லை. ஆங்கிலம் தொடர்ந்து பயன்படுத்தப்படலாம் என்னும் தலைமைத் தொடர் அவ்வாறே உள்ளது. அதைச் சுற்றி வேலி இடப்பட்டது. இந்தியை ஆட்சிமொழியாக ஏற்காத மாநிலங்களோடு ஒன்றியம் நடத்தும் மடல் போக்குவரத்தில் ஆங்கிலம் பயன்படுத்தப்படுதல் வேண்டும் என ஒரு காப்புரை சேர்ந்தது. தீர்மானங்கள், பொது ஆணைகள், விதிகள், அறிவிக்கைகள், ஒப்பந்தங்கள் முதலியவற்றில் இரு மொழிகளும் பயன்படுத்தப்படுதல் வேண்டும் என மூன்றாம் உட்பிரிவு கூறிற்று. இந்தியை ஏற்காத மாநிலங்கள் அனைத்தின் சட்டமன்றங்களும் ஆங்கிலத்தைக் கைவிடத் தீர்மானம் இயற்றி, அவற்றை ஆய்ந்த பின் நாடாளுமன்றத்தின் இரு அவைகளும் தனித்தனியே தீர்மானம் இயற்றும் வரை, இவ்வேற்பாடுகள் நடைமுறையில் இருத்தல் வேண்டும் என ஐந்தாம் உட்பிரிவு முடித்தது. 1956இல் சுப்பிரமணியம் தம் முன்வரைவை வைத்த சட்டமன்றத்தின் கையில் இதன்படி ஒரு திறவுகோல் தரப்பட்டது.

இப்பிரிவைத் தமிழாக்குவோர்க்கு இவ்வமைப்பே இடர்ப்பாடு. செய்தித்தாள்களிலும் பாடநூல்களிலும் வரும் சுருக்கங்கள் பெரும்பாலும் ‘பயன்படுத்தப்படும்’ என்னும் எதிர்கால முற்றினால் ‘லாம்’, ‘வேண்டும்’ இரண்டையும் ஒன்றாக்கிவிடுகின்றன. படிக்க எளிதாக இருக்கும். ஆனால் தலைமைத் தொடரில் உள்ள இசைவும் காப்புரையில் உள்ள கட்டாயமும் வேறுபாடின்றிக் கலந்துவிடும். தலைமைத் தொடருக்குத் ‘தொடர்ந்து பயன்படுத்தப்படலாம்’ என்றும், காப்புரைக்கும் மூன்றாம், ஐந்தாம் உட்பிரிவுகளுக்கும் ‘பயன்படுத்தப்படுதல் வேண்டும்’, ‘இருத்தல் வேண்டும்’ என்றும் வேறுபடுத்தி எழுதுவதே மூலத்திற்குப் பொருந்தும். ‘தல் வேண்டும்’ என்னும் வடிவம் நீளமாக இருக்கிறது என்று சில பதிப்பாசிரியர்கள் அதை ‘வேண்டும்’ எனச் சுருக்குவர். அதனால் பொருள் கெடுவதில்லை. ‘லாம்’ என்பதை மட்டும் தொடக்கூடாது.